வாரத்துக்கு விட்ட கரடி

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மிருகக்காட்சிசாலை இருந்த காலத்தில் வடசென்னைக்காரர்கள் அதை 'உயிர் காலேஜ்' என்பார்கள். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். அவர்கள் பேரப்பிள்ளைகளை வண்டலூருக்குக் கூட்டிப்போகும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தாத்தா, பாண்டா எங்க?" பர்மா பஜார் பொம்மைக் கடையில் பாண்டா, ஸ்கூல் பேக்கில் பாண்டா, பென்சில் பாக்ஸில் பாண்டா. ஜூவில் மட்டும் காணோம். "சைனாக்காரன் நமக்குக் குடுக்கலடா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். 1982-க்குப் பிறகு சீனா எந்த வெளிநாட்டுக்கும் பாண்டாவைப் பரிசாகக் கொடுக்கவே இல்லை. இப்போது உலகம் முழுக்கப் போவதெல்லாம் வாடகைக்குத்தான்.

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஆடுமாடு வைத்திருப்பவர்களுக்கு 'வாரத்துக்கு விடுவது' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டை ஆடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர். போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. பாண்டா ஒப்பந்தமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் வளர்ப்பவருக்குக் குட்டியில் பங்கே கிடையாது, அதோடு வருஷா வருஷம் பணம் கட்டுவதும் அவர்தான்.

வழக்கமான ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு, ஒரு ஜோடிக்கு. அமெரிக்க ஜூக்கள் ஆரம்பத்தில் ஒப்புக்கொண்ட தொகை ஜோடிக்கு வருஷம் 10 லட்சம் டாலர் வரை. நீட்டிக்கும்போது பேரம் பேசலாம். வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சி சாலைக்கு 2011-ல் அது 5 லட்சமாகக் குறைந்தது. குட்டி பிறந்தால் அது சீனாவுக்குச் சொந்தம், அதற்கு ஒரு தனிக் கட்டணமும் உண்டு. குட்டி தாயைவிட்டுப் பிரிந்து தனியாக வாழ ஆரம்பித்த பிறகு, பெரும்பாலும் நான்கு வயதுக்குள், அதைச் சீனாவுக்கு அனுப்ப வேண்டும். பாண்டா செத்துப்போனால் உடலும் சீனாவுக்கே. சாவுக்குக் காரணம் என்னவென்று சீன நிபுணர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 1941-ல் அப்போதைய சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி சூங் மெய்லிங்கும் அவருடைய அக்காவும் நியூயார்க்கின் பிராங்ஸ் ஜூவுக்கு இரண்டு பாண்டாக்களைக் கொடுத்தார்கள். போரில் அடிபட்ட சீனாவுக்கு அமெரிக்க மக்கள் செய்த உதவிக்கு அது நன்றி. மாவோ காலத்தில் பரிசு நட்பு நாடுகளுக்குத் திரும்பியது: 1957-ல் மாஸ்கோ, பிறகு வடகொரியா. 1958-ல் சீ சீ என்ற பாண்டாவை ஒரு விலங்கு வியாபாரி ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் எல்லாம் கொடுத்து மாற்றி வாங்கினார். அமெரிக்காவில் விற்கப் பார்த்தால் 'கம்யூனிஸ்ட் சீனச் சரக்கு' என்று உள்ளேயே விடவில்லை. கடைசியில் லண்டன் ஜூ வாங்கியது. 1961-ல் உலக வனவிலங்கு நிதியத்தின் சின்னம் அந்தச் சீ சீயைப் பார்த்து வரைந்ததுதான். கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கச் செலவு குறைவு என்பதும் பாண்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனார். விருந்தில் அவர் மனைவி பாட் நிக்சனுக்குப் பக்கத்தில் பிரதமர் சூ என்லாய். மேஜையில் பாண்டா படம் போட்ட சிகரெட் டப்பா ஒன்று இருந்தது. அது அழகாக இருக்கிறது என்று அந்த அம்மா சொல்ல, உங்களுக்குச் சில தருகிறேன் என்றார் சூ. அவர் சொன்னது சிகரெட்டை அல்ல. ஏப்ரல் 16-ஆம் தேதி லிங் லிங், ஷிங் ஷிங் இரண்டும் வாஷிங்டனில் வந்து இறங்கின. பதிலுக்கு அமெரிக்கா மில்டன், மட்டில்டா என்ற இரண்டு கஸ்தூரி எருதுகளை அனுப்பியது. முதல் வருஷத்தில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் பாண்டாவைப் பார்க்க வந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஜப்பானுக்கும் ஒரு ஜோடி போனது. இரு நாடுகளும் தூதரக உறவு வைத்துக்கொண்டது அதற்கு ஒரு மாதம் முன்புதான்.

1984-ல் அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கை பாண்டாவை முதல் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இருப்பதை லாபத்துக்காக விற்கவோ வாங்கவோ முடியாது. 1980-களில் சில மாதக் குத்தகைக்குப் பாண்டாவை ஊர் ஊராகச் சுற்றவிட்டு டிக்கெட் விற்றார்கள். ஒரு நகரத்தில் மூன்று மாதம், அடுத்த நகரத்தில் மூன்று மாதம் என்று இனப்பெருக்க வயதில் உள்ள விலங்கைப் பெட்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அது எப்போது இணை சேரும்? 1988-ல் வனவிலங்கு அமைப்புகள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. 1998-ல் அமெரிக்க அரசு விதியைக் கடுமையாக்கியது: ஆராய்ச்சிக்கு என்றால்தான் அனுமதி, பணம் சீனக் காடுகளில் பாண்டாப் பாதுகாப்புக்குப் போக வேண்டும். 'ஆராய்ச்சிக் கூட்டுறவு' என்ற பெயரில் நீண்டகாலக் குத்தகை நிலைத்தது இப்படித்தான்.

இதில் தைவான் கதை தனி. 2005-ல் சீனா அறிவித்த ஜோடிக்கு துவான் துவான், யுவான் யுவான் என்று பெயர். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'ஒன்றுசேர்தல்' என்று அர்த்தம். அப்போதைய தைவான் அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆட்சி மாறி, 2008 டிசம்பரில்தான் அவை தைபே வந்தன. இவை குத்தகைக்கு வந்தவை அல்ல. பரிசு. தைவானை வெளிநாடு என்று சீனா ஏற்பதில்லை, அதனால் 'வெளிநாட்டுக்குப் பரிசு கிடையாது' என்ற விதி அங்கே செல்லாது. தைபேயில் 2013-ல் பிறந்த குட்டியும் அங்கேயே தங்கிவிட்டது. பாண்டா காகிதத்தில் ஒரு சொல் மாறினால் அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வாதம் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, ஒரு ஜோடி சென்னைக்கு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். என்ன வேண்டும்?

மூங்கில். பாண்டாவின் குடல் புலி, மற்ற கரடிகளின் குடல் மாதிரி குட்டையானது; மூங்கிலைச் செரிக்கிற ஏற்பாடு அதில் இல்லை. தின்பதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் சத்தாக எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒரு நாளைக்கு 12 முதல் 38 கிலோ வரை தின்ன வேண்டியிருக்கிறது, நாளில் பாதி நேரத்துக்கு மேல் வாய் அசைந்துகொண்டே இருக்கும். அது தின்பதைக் கிட்டத்தில் பாருங்கள். பின்புறத்தைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்காரும். மணிக்கட்டில் ஒரு எலும்பு புடைத்து ஆறாவது விரல் மாதிரி வளர்ந்திருக்கிறது. அதற்கும் விரல்களுக்கும் நடுவில் மூங்கில் தண்டு கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். தண்டைப் பக்கவாட்டில் கடைவாயில் கொடுத்துத் தலையை ஒரு திருப்புத் திருப்பும், பச்சைத் தோல் பட்டையாக உரிந்து விழும். இலையாக இருந்தால் ஒவ்வொரு கொத்தாகக் கடித்து வாயோரத்தில் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டு சேர்ந்ததும் அதைக் கையில் எடுத்து, வெற்றிலைச் சுருளைக் கடிப்பது போலக் கடித்து மெல்லும்.

இங்கேதான் பணம் கரைகிறது. பாண்டா முகர்ந்து பார்த்துப் பாதிக்கு மேல் தள்ளிவிடும். அதனால் அது தின்பதைப் போல இரண்டு மூன்று பங்கு கொண்டுவந்து போட வேண்டும். வாஷிங்டனில் ஒரு பாண்டாவுக்கு நாளைக்குச் சுமார் 45 கிலோ வைக்கிறார்கள். ஒரே வகை மூங்கிலை வருஷம் முழுக்கத் தின்னாது. வசந்தத்தில் குருத்து, பிறகு இலை, குளிரில் தண்டு என்று மாறும். நம்மூரில் சாரம் கட்டவும் ஏணி செய்யவும் வருகிற கல்மூங்கிலும் முள்மூங்கிலும் கெட்டியான வெப்பநாட்டு வகைகள். பாண்டா பழகியது மலைக்குளிரில் வளரும் மெல்லிய மூங்கில். அதுவும் வெட்டிய மூங்கில் வாழையிலை மாதிரி, ஈரம் போனால் சுருண்டுவிடும். அடியைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே தண்ணீர் தூவி, குளிர் அறையில் வைத்தால்தான் சில நாள் தாங்கும். 2022-ல் பாண்டாவைக் குத்தகைக்கு எடுத்த கத்தார், வாரத்துக்கு 800 கிலோ பச்சை மூங்கிலை விமானத்தில் வரவழைக்க ஏற்பாடு செய்தது. மூங்கில் பூத்தால் புதர் மொத்தமும் ஒரே சமயத்தில் காய்ந்து செத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே ரகத்தை மட்டும் நட்டுவைத்த தோட்டத்தை நம்பி ஒப்பந்தம் போடக்கூடாது.

அடுத்தது குளிர். 25 டிகிரிக்கு மேல் போனால் பாண்டாவுக்குக் கஷ்டம். சென்னையில் மே மாத நடுராத்திரியிலேயே 28 டிகிரி இருக்கும், ஈரப்பதம் வேறு. எனவே தங்குமிடம் முழுக்க ஏ.சி. கரண்ட் போனால் உடனே எடுக்கிற ஜெனரேட்டர் ஒன்று, அது ஓடாவிட்டால் இன்னொன்று.

குளிர்கூடச் செலவழித்தால் சரியாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நம்மூரில் பகலின் நீளம் அவ்வளவாக மாறாது என்பது. பெண் பாண்டா வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் சூட்டுக்கு வரும், அதுவும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குத்தான். குளிர் முடிந்து பகல் நீளும்போதுதான் அதன் உடம்புக்குச் சேதி போகிறது. பாண்டா வாழும் சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரத்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நடுவில் நாலு மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணி நேரம். சிங்கப்பூரில் பத்து நிமிஷம்கூட இல்லை. அதனால்தான் சிங்கப்பூரில் கூண்டுக்குள்ளேயே விளக்கையும் வெப்பத்தையும் கூட்டிக் குறைத்துச் செயற்கையாகப் பருவகாலம் உண்டாக்கினார்கள்.

அந்தச் சில நாளைத் தவறவிடாமல் இருக்க, பெண்ணின் சிறுநீரைத் தினமும் சோதிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று இறங்கினால் முட்டை வெளிவந்துவிட்டது என்று அர்த்தம். ஓரிரு நாளுக்குள் முடித்தாக வேண்டும். ஆணும் பெண்ணும் பழக்கமில்லாமல் சண்டை போட்டாலோ, ஆணுக்கு எப்படி என்றே தெரியாவிட்டாலோ, மயக்கம் கொடுத்துச் செயற்கைக் கருவூட்டல். மனிதர்களோடு மட்டுமே வளர்ந்த சீ சீ, 1966-லும் 1968-லும் மாஸ்கோவின் ஆண் அன் அன்-னோடு சேர மறுத்துவிட்டது. வாஷிங்டனின் முதல் ஜோடிக்கு ஐந்து குட்டிகள் பிறந்தும் ஒன்றுகூடச் சில நாளைத் தாண்டவில்லை. எடின்பரோவில் 2011-லிருந்து 2023 வரை பன்னிரண்டு வருஷம் ஒரு ஜோடி இருந்தது. ஒரு குட்டியும் இல்லை. ஹாங்காங் ஓஷன் பார்க்கில் பத்து வருஷம் முயன்றும் நடக்காத இணைசேர்தல், 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகப் பூங்காவை மூடி, கூட்டம் இல்லாமல் போனபோது தானாக நடந்தது.

கருவுற்றாலும் நிச்சயமில்லை. கரு கருப்பையில் ஒட்டாமலே வாரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். பொய்க் கர்ப்பம் வந்தாலும் ஹார்மோன் ஏற்றம் அசல் கர்ப்பம் மாதிரியேதான் காட்டும், பாண்டா கூடு கட்டக்கூட ஆரம்பித்துவிடும். ஸ்கேனில் தெரிந்தால்தான் நம்பலாம்.

பிறக்கிற குட்டி 100 கிராம் வெண்ணெய்ப் பாக்கெட் அளவுதான். தாயின் எடையில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. ரோமமில்லாமல், கண் திறக்காமல், ரோஜா நிறத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஏறக்குறைய பாதிப் பிரசவங்களில் இரட்டை. காட்டில் தாய் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடும். இரண்டையும் ஏந்த அதற்குக் கையும் போதாது, பாலும் போதாது. இங்கேதான் செங்டு பாண்டா மையத்து ஆட்களின் கைத்திறமை. பராமரிப்பவர் தாய்க்கு ஒரு கிண்ணத்தில் தேன் கலந்த தண்ணீர் நீட்டுவார். அது நக்கிக்கொண்டிருக்கும்போதே மார்பில் இருக்கும் குட்டியை இன்னொரு கை மெல்ல எடுத்துவிட்டு, இன்குபேட்டரில் இருந்த குட்டியை அதே இடத்தில் வைக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை இந்த மாற்றல் நடக்கும். தாய்க்குத் தான் ஒரு குட்டியை வளர்க்கிறோம் என்றே எண்ணம். இந்த ஒரு உத்தியால் பிழைத்த இரட்டைகள் ஏராளம். ஒப்பந்தக் கட்டணம், மேளதாளம், தலைவர்களின் புகைப்படம் எல்லாவற்றையும்விட இந்தக் கைமாற்றல்தான் பாண்டா வரலாற்றில் மதிப்பானது என்பது எங்கள் எண்ணம்.

இப்போது ராஜதந்திரத்துக்கு வருவோம். பாண்டா ஒரு நாட்டைவிட்டுக் கிளம்பினால் 'சீனா கோபத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது' என்று டிவியில் ஓடும். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் வாஷிங்டனிலிருந்து மெய் ஷியாங், தியான் தியான், அவற்றின் குட்டி மூன்றும் கிளம்பின. 2000-த்தில் வந்தவை, பத்து வருஷம், அப்புறம் ஐந்து, ஐந்து, மூன்று என்று நீட்டித்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிந்தது. பெரியவை இரண்டுக்கும் வயது 25, 26. பாண்டாவுக்கு அது முழுக் கிழப்பருவம். ஆகவே அவை போனதில் சேதி குறைவு. இடத்தை நிரப்ப அடுத்த ஜோடி அறிவிக்கப்படாமல் இருந்ததே சேதி. ஒரே வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஷி ஜின்பிங் பாண்டாக்களை நட்பின் தூதர்கள் என்று பேசினார். 2024 ஜூனில் சான் டியாகோவுக்கும் அக்டோபரில் வாஷிங்டனுக்கும் புது ஜோடிகள் வந்தன. பூட்டு திறந்துவிட்டது என்று அப்போதுதான் சொல்ல முடிந்தது.

மலேசியாவில் வேறு மாதிரி. சீனாவோடு தூதரக உறவின் 40-ஆவது ஆண்டுக்காக 2014 ஏப்ரலில் வர வேண்டிய ஜோடி மே மாதம்தான் வந்தது. மார்ச்சில் எம்.எச். 370 விமானம் காணாமல் போனது, பயணிகளில் பெரும்பாலோர் சீனர்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவில் விழா எடுக்க முடியாது. பின்லாந்தின் ஆஹ்தாரி ஜூ கதையில் அரசியலே இல்லை. 2018-ல் ஜோடி வந்தது. 15 வருஷ ஒப்பந்தம், 80 லட்சம் யூரோவில் கட்டடம், வருஷச் செலவு 15 லட்சம் யூரோ. சின்ன ஊர், தலைநகரிலிருந்து தூரம், பிறகு கொரோனா. எட்டு வருஷம் மிச்சமிருக்கும்போதே 2024 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் ஜூவில் யா யா என்ற பாண்டா மெலிந்துபோன படங்கள் சீனச் சமூக ஊடகங்களில் பரவி, 2023-ல் அங்கே மக்கள் கொதித்தார்கள். அப்போதும் அது திரும்பிப் போனது ஒப்பந்தம் முடிந்த பிறகுதான்.

இவ்வளவு பணமும் கவனமும் காட்டுக்கு என்ன செய்தது? நான்காவது கணக்கெடுப்பில் சிச்சுவான், ஷான்சி, கான்சு மலைகளில் 1,864 பாண்டாக்கள். அதற்கு முந்தையதில் 1,596. 2016-ல் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழே இறங்கியது. இது உண்மையான வெற்றி. ஆனால் பாண்டாவைக் காத்தால் அதன் நிழலில் எல்லா உயிரும் வாழும் என்பது சரியாகவில்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வு, பாண்டாக் காப்பகங்களில் 81 சதவீதத்தில் சிறுத்தையும் 95 சதவீதத்தில் செந்நாயும் இல்லாமல் போனதைக் காட்டியது. முதுமலையில் நாம் பார்க்கிற அதே செந்நாய். அதற்கு நிறைய இடம் வேண்டும், பாண்டாவுக்குக் கொஞ்சம் போதும். எந்த விலங்கின் முகத்தை முன்னால் வைக்கிறோமோ அதன் தேவைக்கு ஏற்றபடிதான் காட்டுக்கு வேலி விழும். இது எங்களுக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

நம் நாட்டுக்கும் இந்த வழக்கம் புதிதில்லை. ஜப்பான் பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்டதற்கு, 1949-ல் நேரு உயேனோ ஜூவுக்கு இந்திரா என்ற யானையை அனுப்பினார். பாண்டா அங்கே வந்தது அதற்கு 23 வருஷம் கழித்து. குடகுக் காட்டில் பிடிபட்ட அம்பிகா, இந்தியக் குழந்தைகளின் பரிசாக 1961-ல் வாஷிங்டனுக்குப் போய், 2020 மார்ச் வரை அங்கேயே இருந்தது. லிங் லிங் வந்ததையும் மெய் ஷியாங் வந்ததையும் அந்த ஜூவில் இருந்தே பார்த்த யானை. அதற்கு வாடகையும் கேட்கவில்லை, திருப்பியும் கேட்கவில்லை.

சென்னைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் போகலாம், விமானத்தில் நாலு மணி நேரம். அங்கே ரிவர் வொண்டர்ஸ் என்ற விலங்குப் பூங்காவில் 2012-ல் வந்த காய் காய், ஜியா ஜியா ஜோடி இருக்கிறது. ஒப்பந்தம் 2027 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே குளிரும், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தின்றுவிட்டுத் தூங்குவதுதான் அதன் நாள். தூங்கிக்கொண்டிருந்தால் மற்ற விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். ஏழு வருஷ முயற்சிக்குப் பிறகு 2021-ல் அங்கே பிறந்த குட்டி லே லே-யைத் தேட வேண்டாம். அது 2024 ஜனவரியில் செங்டுவுக்குப் போய்விட்டது.